அப்பாவுடன் போகும் மாத்திரைப் பை

பாம்பனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

‘அக்கா, எங்க அப்பாவுக்கு 76 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல வல்லத்துல கடலுக்குப் போனவங்க. சுகரும் பிரஷரும் ரொம்ப நாளா இருக்கு. கண் பிரஷருக்கும் முந்தி மதுரையில காட்டியிருக்கோம். தை மாசம் பக்கவாதம் வந்து மதுரையில ஒன்பது நாள் வச்சிருந்தோம். நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கா இல்ல, அதனால ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருச்சுன்னு சொன்னாங்க. இப்ப கையைப் பிடிச்சா நாலு எட்டு வைப்பாங்க. அம்மா இல்ல. நான் கோயம்புத்தூர்ல வேலையில இருக்கேன், தம்பி கடலுக்குப் போறவன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓட முடியுது. அதுக்குள்ள ராமநாதபுரம் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். வீட்ல மஞ்சப்பை நிறைய மாத்திரை கிடக்கு. எதைக் கொடுத்தனுப்புறது? பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு இல்லத்துல விட்டாங்க. மூணாம் நாளே சுகர் இறங்கி நினைவு தப்பிருச்சு. அப்பாவுக்கு அப்படி ஆயிரக் கூடாது. இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டா இல்லத்துக்காரங்க கோவிச்சுக்குவாங்களா?’

அன்புத் தங்கச்சி,

பையைக் கவிழ்த்து, அட்டைகளைப் பாயில் பரப்பி, நாலு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. நான் இருபத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவள். இப்போது இந்தக் கரையோரத்தில் இரண்டு இல்லங்களுக்கு மாதாமாதம் போய் மருந்துப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவருக்கு மாத்திரை தப்பாகிப்போவது பெரும்பாலும் கொடுக்கிறவர் கைதவறியதால் அல்ல. அவர் வீட்டில் உண்மையிலேயே எதைச் சாப்பிட்டு வந்தார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாததால்தான்.

உங்கள் பாயில் மூன்று இடத்து மாத்திரைகள் கலந்து கிடக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிற மெட்ஃபார்மின் 500, ஆம்லோடிபின் 5 ஒரு பக்கம். பக்கவாதத்துக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எழுதிய கிளைகோமெட் ஜிபி 2, ஸ்டாம்லோ 5, ஈகோஸ்பிரின் 75 இன்னொரு பக்கம். மதுரையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது வாங்கிய இன்சுலின், ஆம்லோங் 5, மெட் எக்ஸ்எல் 25, அட்டார்வாஸ்டாட்டின், அசிட்ரோம், பான்டோபிரசோல் மூன்றாவது.

ஆம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து இதில் மூன்று வேஷம் போட்டிருக்கிறது. அரசு அட்டையில் சொந்தப் பெயரோடு வருகிறது. பழைய சீட்டில் அதுவே ஸ்டாம்லோ, மதுரைச் சீட்டில் அதுவே ஆம்லோங். ஒவ்வொன்றும் 5 மி.கி. மூன்றையும் கொடுத்தால் 15. ஒரு நாளைக்கு 10-க்கு மேல் அந்த மருந்தைக் கொடுப்பதில்லை. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, கம்பெனி வேறு. இல்லத்து சிஸ்டர் அக்கறையானவராக இருந்தால்தான் இதில் ஆபத்து அதிகம். பையில் வந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொடுத்துவிடுவார்.

சுகர் மாத்திரையிலும் அதே கதைதான். அரசு மெட்ஃபார்மின் தனியாக இருக்கிறது. கிளைகோமெட் ஜிபி 2-க்குள்ளும் மெட்ஃபார்மின் இருக்கிறது, கூடவே சுகரை இறக்கும் கிளிமிபிரைடும் இருக்கிறது. இதற்கு மேல் இப்போது இன்சுலின். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்சுலின் அளவு எழுதியிருக்கிறார்கள். பழைய ஜிபி 2-ஐ நிறுத்தச் சொல்லவும் இல்லை, தொடரச் சொல்லவும் இல்லை. இப்படி எழுதாமல் விட்ட இடத்தை வீட்டில் ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள், இல்லத்தில் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். பெரியம்மாவுக்கு என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் பழைய சீட்டும் புதுச் சீட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சுகர் தரைக்கு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஈகோஸ்பிரின். அது ஆஸ்பிரின். அசிட்ரோமும் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுப்பதுதான், ஆனால் அதைவிடப் பலமானது. சிலருக்கு டாக்டரே காரணத்தோடு இரண்டையும் சேர்த்து எழுதுவார். உங்கள் அப்பாவுக்கு அப்படி எழுதியதாகச் சம்மரியில் இல்லை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றிலோ தலைக்குள்ளோ ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும்.

எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. மதுரையில் மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். இல்லத்தில் விடுவதற்கு முன்னால் அந்தப் பையோடு ஒரு முறை போய் வாருங்கள். எந்த ஆம்லோடிபினைத் தொடர்வது, ஜிபி 2 வேண்டுமா, அரசு மெட்ஃபார்மின் வேண்டுமா, ஈகோஸ்பிரின் வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ‘தொடரவும்’ அல்லது ‘நிறுத்தவும்’ என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை எடுத்து ரொம்ப நாளாகியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் ரொம்பத் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மினே கூடாது. இவ்வளவுக்கும் ஓ.பி.யில் பத்து நிமிஷம் பிடிக்கும். டாக்டர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

இனி சொல்லப்போவதைத்தான் யாரும் கேட்பதில்லை. சீட்டில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குள் போனது வேறு ஒன்று.

மண்டபம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நான் போகிற இல்லத்தில் சேர்ந்தார். அவரும் கடலோடிதான். சீட்டில் மூன்று பிரஷர் மாத்திரையும் ஒரு நீர் மாத்திரையும் இருந்தன. நீர் மாத்திரையை அவர் வருஷக்கணக்கில் தொட்டதே இல்லை. படகில் ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்க முடியாதென்று அந்தக் காலத்தில் நிறுத்தியவர், தொழிலை விட்ட பிறகும் அப்படியே இருந்துவிட்டார். மற்றவற்றையும் நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. பிரஷர் இறங்காததைப் பார்த்த டாக்டர் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் போடவில்லை என்று டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை. இல்லத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்து நான்கும் வேளை தவறாமல் போயின. சாப்பாட்டிலும் கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, உப்பு பாதி. நாலாம் நாள் விடிகாலை கழிப்பறைக்குப் போக எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது பிரஷர் 90/60. பதிவேட்டைப் புரட்டினால் ஒரு தப்பும் இல்லை. சீட்டில் உள்ளபடி எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

அதனால் ‘மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?’ என்று அப்பாவிடம் கேட்காதீர்கள். ‘போடுறேம்மா’ என்றுதான் பதில் வரும். ‘எதைப் போட்டா ஒரு மாதிரியா இருக்குப்பா?’, ‘இந்த வாரம் எது விட்டுப்போச்சு?’ என்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேளுங்கள். பிறகு அட்டையை எண்ணுங்கள். தினம் ஒன்று போட வேண்டிய முப்பது மாத்திரையை வாங்கி இருபது நாளாகியும் இருபத்திரண்டு மிச்சம் இருந்தால், அவர் போட்டது எட்டுதான். அந்த எண்ணிக்கையை அப்படியே எழுதி டாக்டரிடமும் இல்லத்திலும் கொடுங்கள். திட்டு வாங்குவோமோ என்று மறைக்காதீர்கள். சீட்டிலுள்ள எந்த எழுத்தையும்விட அந்த எண் அவர்களுக்கு உதவும்.

சீட்டே இல்லாமல் போடுவதையும் கேட்டுவிடுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்குகிற வலி மாத்திரை, தூக்கத்துக்கு யாரோ கொடுத்தது, நாட்டு மருந்துக் கடை லேகியம், கசாயம், சூரணம். அசிட்ரோம் போடுகிறவருக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஆகவே ஆகாது. தூக்க மாத்திரை கதை நேர்மாறானது. அல்பிரசோலம் மாதிரி ஒன்றை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தவர், இல்லத்தில் சேர்ந்த அன்றே யாருக்கும் சொல்லாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் தூக்கம் கெட்டு, கை நடுங்கி, உளற ஆரம்பிப்பார். சிலருக்கு வலிப்பே வரும். ‘புது இடம், அதான் பிதற்றுகிறார்’ என்று சொல்லி எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துக் கட்டிலும் ஒரு ஆபரேஷன் தியேட்டரும் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. நீங்கள் அப்பாவை விடப்போகிற இடம் அது இல்லை. நல்ல இல்லமாகவே இருக்கலாம், ஆனால் ராத்திரியில் டாக்டர் இருக்க மாட்டார். பெரும்பாலான இடங்களில் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து பார்த்துவிட்டுப் போவார். இடையில் எல்லாம் நீங்கள் கொடுக்கும் காகிதத்தை நம்பித்தான் நடக்கும். அந்தக் காகிதத்தை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு போங்கள்.

ஒரு முழுத்தாள் போதும். அட்டையில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், அதற்குக் கீழே அட்டையில் சின்னதாக அச்சடித்திருக்கும் மருந்தின் சொந்தப் பெயரையும் எழுதுங்கள். இரட்டிப்பு அப்போதுதான் கண்ணில் படும். பக்கத்தில் எத்தனை மி.கி., எதற்காக, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில். 1-0-1 என்று சுருக்காமல் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்றே எழுதுங்கள். ‘எதற்காக’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மின் சுகருக்கு, மெட்டோபிரோலால் இதயத்துக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு, மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு. ஆங்கிலத்தில் எழுதினால் நாலும் ‘Met’ என்றுதான் தொடங்குகின்றன. அப்பாவின் மெட் எக்ஸ்எல்லுக்குள் இருப்பது மெட்டோபிரோலால். ‘இதயத் துடிப்புக்கு’ என்று எதிரே எழுதியிருந்தால் அதை யாரும் சுகர் மாத்திரையோடு சேர்க்க மாட்டார்கள்.

தாளின் பின்பக்கம் ‘நிறுத்தியவை’ என்று தலைப்புப் போட்டு, டாக்டர் நிறுத்தச் சொன்னவற்றை எழுதுங்கள். இதை எழுதாததால்தான், நிறுத்திய மாத்திரை பழைய பைக்குள்ளிருந்து ஒரு மாதம் கழித்து மறுபடி எழுந்து வருகிறது. எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள்.

தினமும் போடக் கூடாத மாத்திரை என்று ஒரு வகை இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போது அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. ஒரு அம்மா முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 போட்டுக்கொண்டிருந்தார். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். டிஸ்சார்ஜ் சீட்டில் சனிக்கிழமை என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நான்தான் அன்று சாயங்காலம் அவசரத்தில் பதிவேட்டில் ஏற்றும்போது மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ‘இரவு ஒன்று’ என்று எழுதிவிட்டேன். ஆறு ராத்திரி போயிற்று. கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறார், வாயெல்லாம் புண் என்று ஆயாம்மா வந்து சொன்ன பிறகுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்த மருந்து அளவுக்கு மேல் போனால் ரத்த அணுக்களையே குறைத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாற்று மருந்து கொடுத்ததில் பிழைத்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை மாத்திரை என்றால் தினசரிப் பட்டியலில் எழுதவே மாட்டேன். தனித் தாள், தனிக் கவர், கவரின் மேல் கிழமை. வைட்டமின் டி 60,000 யூனிட், எலும்புக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

அப்பாவுக்கு இதற்குப் பக்கத்தில் நிற்கிற சிக்கல் அசிட்ரோம். ‘ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி.’ என்று சீட்டில் இருக்கிறது. வீட்டில் தம்பி ஒற்றைப்படைத் தேதியில் 2, இரட்டைப்படையில் 3 என்று நினைவு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரன்தான். ஆனால் மே 31-க்கு அடுத்த நாள் ஜூன் 1, இரண்டும் ஒற்றைப்படை. இல்லத்தில் மூன்று பேர் மாறி மாறி வேலைக்கு வருவார்கள். நேற்று எது போயிற்று என்ற பேச்சே இருக்கக் கூடாது. திங்கள் இவ்வளவு, செவ்வாய் இவ்வளவு என்று கிழமை போட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இப்படித் துடிப்பு தவறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் கீரையே சாப்பிடாதவருக்கு அங்கே வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை வந்தாலும் அந்த எண் மாறும். சளிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் மாறும்.

இன்சுலின் பற்றி நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் கிடைக்கிறது. குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. ஊசியும் அதற்கேற்ப இரண்டு விதம். 40-க்குரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. அப்பாவுக்குக் காலையில் 14 யூனிட். 100 செறிவு மருந்தை 40-க்குரிய ஊசியில் 14 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 35 யூனிட். மாற்றிப் போட்டால், 40 குப்பியிலிருந்து 100 ஊசியில் 14 கோடு வரை இழுத்தால், ஆறுகூடப் போகாது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 40 குப்பி. இல்லத்தில் என்ன ஊசி வைத்திருக்கிறார்கள் என்று போய்க் கண்ணால் பாருங்கள். குப்பியோடு அதற்குரிய ஊசிகளையும் ஒரு மாதத்துக்கு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம். தாளில் ‘14 யூனிட்’ என்பதோடு ‘40 குப்பி, சிவப்பு மூடி ஊசி’ என்றும் எழுதுங்கள். திறக்காத குப்பி குளிர்பெட்டியில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.

அப்பா எதையும் விழுங்கச் சிரமப்படுகிறாரா? பக்கவாதம் வந்தவர்களுக்கு அது சகஜம். அப்படியிருந்தால் இல்லத்தில் எல்லாவற்றையும் உரலில் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிடுவார்கள். மெட் எக்ஸ்எல் மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்கிற மாத்திரை. பொடித்தால் நாளுக்குரிய மருந்து ஒரே மூச்சில் இறங்கி, துடிப்பும் பிரஷரும் விழும். பான்டோபிரசோலைப் பொடித்தால் வயிற்று அமிலத்தில் வீணாகிவிடும். ‘இந்த இரண்டையும் உடைக்கக் கூடாது’ என்று தாளிலேயே எழுதுங்கள். விழுங்கவே முடியாவிட்டால் மாற்று என்னவென்று மதுரையிலேயே கேட்டு வாருங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக் கொடுத்தனுப்பாதீர்கள். எது எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நம் கரையின் உப்புக் காற்றும் ஈரமும் பிரித்த மாத்திரைக்கு ஆகாது. ஈரம் பட்ட ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தாலே காடி வாசம் அடிக்கும். மெடிக்கலில் பத்து மாத்திரை வெட்டித் தரும்போது பெயரும் கெடு தேதியும் உள்ள பக்கம் பெரும்பாலும் கடைக்காரர் கையிலேயே தங்கிவிடும். இல்லத்துக்கு முழு அட்டையாக வாங்குங்கள். மழைக்காலத்தில் புயல் கூண்டு ஏறினால் பாம்பனிலிருந்து நீங்கள் நினைத்த நாளில் போய்ச் சேர முடியாது, ஆகவே எப்போதும் பத்து நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும். நிறுத்திய பழைய அட்டைகள் ஒன்றுகூட அந்தப் பையில் போகக் கூடாது. அதற்காகக் கடலில் எறிந்துவிடாதீர்கள், நம் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் கடல்தான் குப்பைத்தொட்டி. மாத்திரையைப் பிரித்து மண்ணோடோ சாம்பலோடோ கலந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். அரசு மாத்திரை கொண்டுவருகிற அம்மாவிடமும் அப்பா இல்லத்துக்குப் போய்விட்டதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாதாமாதம் வீட்டில் சேரும், யாராவது பார்க்கப் போகும்போது அன்பாக எடுத்துக்கொண்டும் போவார்கள்.

கொண்டுபோய் விடுகிற நாளையும் யோசித்து வையுங்கள். தம்பிக்குத் தோதான நாள் என்று சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். இல்லத்துக்கு டாக்டர் என்றைக்கு வருவார் என்று கேட்டு, அன்று காலையிலேயே போய்ச் சேருங்கள். கிளம்புகிற நாள்தான் ஒரு வேளை விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை போகும். வீட்டில் போட்டுவிட்டு அனுப்பியிருப்பீர்கள், அங்கே வந்ததும் ‘காலை மருந்து’ என்று இன்னொரு முறை கொடுப்பார்கள். தாளின் தலையில் அன்றைய தேதி போட்டு, ‘இன்சுலின் காலை 7.30, இட்லி 8.00, மற்ற மாத்திரை 8.15’ என்கிற மாதிரி எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்று, இன்சுலின் போட்டுவிட்டு ‘அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்’ என்று வண்டியில் ஏற்றாதீர்கள். பாலம் தாண்டுவதற்குள் சுகர் இறங்க ஆரம்பித்துவிடும்.

கோவித்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தவரை, ஒழுங்காக நடத்துகிற இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சிஸ்டருக்குச் சந்தோஷம். அவருக்கே விவரம் தெரியாமல் தவிப்பாக இருக்கும். முதலில், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த இல்லமா என்று கேளுங்கள். பிறகு, புதிதாக வருகிறவரின் மருந்தை யார் பதிவேட்டில் ஏற்றுகிறார், ஏற்றியதை இன்னொருவர் ஒத்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ராத்திரி மாத்திரையைச் சிஸ்டர் கொடுக்கிறாரா, ஆயாம்மாவா? கொடுத்த பிறகு டிக் போடுகிறார்களா, அல்லது காலையிலேயே மூன்று வேளைக்கும் போட்டுவிடுகிறார்களா? பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ராத்திரிக் கட்டத்திலும் டிக் இருந்தால் வேறு இல்லம் பாருங்கள்.

ஆள் மாறுவதையும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு அந்தோணி. ஒரே கூடத்தில் இரண்டு பேர் அதே பெயரில் இருந்தால், இவர் மாத்திரை அவருக்குப் போவதற்கு ஒரு தூக்கக் கலக்கம் போதும். அப்பாவின் படத்தைப் பதிவேட்டுத் தாளிலும் மருந்துப் பெட்டியிலும் ஒட்டச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவு படம் நாலு எடுத்துப் போங்கள்.

முதல் மூன்று நாள் நீங்களோ தம்பியோ பக்கத்தில் இருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தினம் இரண்டு முறை போன் பண்ணி எண்களைக் கேளுங்கள். ‘நல்லாருக்காரு’ என்பது பதில் இல்லை. காலை வெறும் வயிற்றில் சுகர் எவ்வளவு, படுத்திருக்கும்போது பிரஷர் எவ்வளவு, எழுந்து நின்ற பிறகு எவ்வளவு? ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அந்த வேளை இன்சுலினை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதிவிடுங்கள். புது இடத்தில் முதல் இரண்டு நாள் யாருக்கும் சாப்பாடு இறங்காது. மெட் எக்ஸ்எல் போடுகிறவர்களுக்குச் சுகர் இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வேர்ப்பார், அல்லது சம்பந்தமில்லாமல் பேசுவார், அல்லது சும்மா தூங்குவார். எழுப்பினால் விழித்து, விழுங்குகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, உடனே 108. ஜிபி 2 மாதிரி மாத்திரை போட்டிருந்தால், சர்க்கரை கொடுத்துத் தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது சில மணி நேரம் கழித்து மறுபடி இறக்கும். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதால் அதற்கு மதுரை வரை ஓட வேண்டியதில்லை.

இதெல்லாம் உங்கள் ஒரு வீட்டுக் கவலை என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கியபோது, முதலில் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொன்னது. அதில் ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிற நேரம்.

கடைசியாக ஒரு சந்தேகம். கண் பிரஷருக்கு மதுரையில் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நாலு படத்திலும் சொட்டு மருந்துப் புட்டி ஒன்றுகூட இல்லை. சொட்டு மருந்தை நம் ஆட்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பாட்டுக்குக் குளிர்பெட்டிக் கதவிலோ, அப்பாவின் தலையணைக்கு அடியிலோ, சட்டைப் பையிலோ கிடக்கும். நிறுத்திவிட்டால் வலியில்லாமல் பார்வை போகும். அதுவே டிமோலால் சொட்டாக இருந்தால் கண்ணோடு நிற்காது, துடிப்பையும் குறைக்கும், மெட் எக்ஸ்எல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. தேடிப் பாருங்கள். கிடைத்தால் லேபிள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மதுரைக்குப் போகும்போது புட்டியைக் கையோடு கொண்டுபோங்கள்.